பீடி நின்றதும் அப்பா ஆளே மாறிவிட்டார். ஆஸ்பத்திரியில் இப்படித் தவிப்பது எதனால்?

எழுதியவர்: குற்றாலச் சாரல்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 63 வயது. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். போன வாரம் மழையில் நனைந்த தரையில் தக்காளிப் பெட்டியோடு வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்துவிட்டது. திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாளே முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எங்களுக்குத் தொல்லை அதற்கு அப்புறம்தான்.

அப்பா பதினைந்து வயதிலிருந்து பீடி குடிக்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு. காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே, தலையணைக்கு அடியில் கைவிட்டு ஒன்றைப் பற்ற வைத்தால்தான் பேச்சே வரும். குடிப்பழக்கம் கிடையாது. சேர்த்த அன்று இரவே நெளிய ஆரம்பித்தார். போர்வையின் ஓரத்தை விரலால் திருகித் திருகி நூலை உருவிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் முடிந்த மறுநாள் உச்சம். கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டார். நல்ல காலைக் கீழே ஊன்றி எழப் பார்த்தார். தடுத்த நர்சை, நான் வீட்டில் ஒருநாளும் கேட்டிராத வார்த்தை சொல்லித் திட்டினார். அம்மாவைப் பார்த்து, "நீதாம்ல என்னைய இங்க கொண்டாந்து கட்டிப் போட்டுட்ட" என்று கத்தியதில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். தூங்குவதற்கு ஊசி போட்டார்கள். இரண்டு மணி நேரம் தூங்கினார், எழுந்ததும் மறுபடி அதே கதை.

வார்டில் இருப்பவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மயக்க மருந்து தலைக்கு ஏறிவிட்டது என்கிறார் ஒருவர். குடிகாரராக இருப்பார், மறைக்கிறீர்கள் என்கிறார் இன்னொருவர். பக்கத்துக் கட்டில் பாட்டி திருநீறு போடச் சொல்கிறார். நேற்று சித்தப்பா வந்தார். யாரிடமும் சொல்லாமல் அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு லேப்புக்குப் பின்னால் போய் ஒரு பீடியைக் கொடுத்துவிட்டார். ஐந்து நிமிஷத்தில் ஆள் சாந்தமாகிவிட்டார். திரும்பி வந்து இரண்டு இட்லி சாப்பிட்டார், அம்மாவிடம் "சாப்பிட்டியா" என்று கேட்டார். இப்போது வீட்டில் எல்லோரும் "அவருக்கு அதுதான் மருந்து, கொடுத்துவிடு" என்கிறார்கள்.

டாக்டரோ, புகை பிடித்தால் எலும்பு கூடுவது தள்ளிப்போகும், விட்டே ஆக வேண்டும் என்கிறார். பீடியை நிறுத்தினால் ஒரு மனிதர் இந்த அளவுக்கு மாறுவாரா? விட்டுவிட்டால் இனி எப்போதும் இப்படித்தான் இருப்பாரா? இளைப்புக்கு ரொம்ப நாளாகத் தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுகிறார், வேறு நோய் இல்லை. தூங்காமல் அசந்து கிடக்கிறாரே என்று அம்மா பிளாஸ்கில் டீ வாங்கி வைத்து ஊற்றி ஊற்றிக் கொடுக்கிறார். வேறு என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

எழுதியவர்: நாமக்கல் டிரைவர்

தம்பி, நான் டாக்டர் இல்லை. லாரி ஓட்டுகிறவன், சிகரெட்டை விட்டவன். உள்ளே இருந்து அது எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

நிறுத்திய இரண்டாவது நாள்தான் மோசம். சுங்கச்சாவடி வரிசையில் வண்டி நிற்கும். மற்ற நாளில் அதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு விடும் நேரம். அன்றைக்கு ஸ்டியரிங்கை விரலால் தட்டுகிறேன், கண்ணாடியை இறக்குகிறேன், ஏற்றுகிறேன், சட்டைப் பையைத் தடவுகிறேன், வெறும் பை. முன்னால் நிற்கிற வண்டிக்காரன் சில்லறை தேடுகிறான் என்பதற்காக அவனை இறங்கி அடிக்கப் போகிற அளவுக்குக் கோபம். உடம்புக்குள் யாரோ கயிறு கட்டி நாலு பக்கமும் இழுக்கிற மாதிரி இருக்கும். உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். நான் கையும் காலும் ஓடுகிற ஆள், இறங்கி வண்டியைச் சுற்றி வந்தேன். உங்கள் அப்பா கால் கட்டோடு படுத்திருக்கிறார். எங்கே போவார்?

அம்மாவிடம் சொல்லுங்கள், அந்த வார்த்தை அவர் மனசிலிருந்து வந்தது இல்லை. நானும் என் வீட்டம்மாவைப் பேசியிருக்கிறேன். அது என் வாயில் வரும்போதே தப்பு என்று தெரியும், ஆனால் நிறுத்த முடியாது. ஒரு வாரம் தாண்டியதும் பிடி தளர்ந்தது. ஒரு மாதத்தில் சாவடி வரிசையில் பாட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

எழுதியவர்: நைட் டியூட்டி அக்கா

தம்பி, நான் எலும்பு வார்டில் பல வருஷம் இருந்துவிட்டு இப்போது ஐசியுவில் இருக்கிற நர்ஸ். நீ எழுதியிருப்பதைக் கட்டில் கட்டிலாகப் பார்த்திருக்கிறேன். போர்வை ஓரத்தைத் திருகுவது, ஊசியைப் பிடுங்குவது, "என்னை வீட்டுக்கு அனுப்பு" என்பது எல்லாம் அப்படியே இருக்கும்.

முதலில் ஒன்று. ஆபரேஷன் முடிந்தவர் துள்ளினால், பீடிக்காரர்தானே என்று விட்டுவிடக் கூடாது. நாங்கள் முதலில் விரலில் கிளிப்பை மாட்டி ஆக்ஸிஜன் பார்ப்போம். அடிவயிற்றைத் தொட்டுப் பார்ப்போம், ஏனென்றால் முதுகில் ஊசி போட்டவர்களுக்குச் சிறுநீர் கட்டிக்கொள்ளும், சிலர் அதைச் சொல்லத் தெரியாமல் புரளுவார்கள். வலி, காய்ச்சல், சர்க்கரை, சோடியம் எல்லாம் பார்க்க வேண்டும். வாந்திக்குப் போடுகிற மெட்டோகுளோபிரமைடு ஊசியேகூடச் சிலருக்குக் காலை வைத்த இடத்தில் வைக்க முடியாத தவிப்பைக் கொண்டுவரும். இதையெல்லாம் பார்த்துவிட்டார்களா என்று இன்றைக்கே கேள். கேட்பதற்குக் கூச்சப்படாதே, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

குடிகாரர் என்று சந்தேகப்பட்டார்கள் என்கிறாயே, அந்தக் கேள்வி நியாயமானது. அதைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆனால் வித்தியாசம் தெரியும். குடியை நிறுத்தியவருக்குக் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நாடி ஓடும். இரண்டாம் நாள் மூன்றாம் நாளில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், வலிப்புகூட வரலாம். பீடியை நிறுத்தியவருக்கு நாடி வழக்கத்தைவிடச் சற்று இறங்கும். ஆளும் தெளிவாக இருப்பார். எங்கே இருக்கிறோம், எதிரே நிற்பது யார் என்று தெரியும். தெரிந்துகொண்டேதான் எரிந்து விழுவார். உன் அப்பா அம்மாவை அடையாளம் தெரிந்து திட்டியிருக்கிறார், ஆஸ்பத்திரி என்று தெரிந்து "இங்க கொண்டாந்து" என்றிருக்கிறார். எனக்கு அது பீடிப் பக்கம்தான் காட்டுகிறது. ஆனால் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

சரி, உடம்பில் என்ன நடக்கிறது? புகையை இழுத்த பத்து இருபது விநாடியில், புகையிலையில் இருக்கிற நிகோடின் என்ற போதைப் பொருள் மூளைக்குப் போய்விடும். அங்கே அதைப் பிடித்துக்கொள்கிற இடங்கள் உண்டு. பிடித்ததும் டோபமைன் சுரந்து மனசுக்கு ஒரு நிறைவு வரும். வருஷக்கணக்கில் புகைக்கிறவர்களுக்கு அந்த இடங்களின் எண்ணிக்கையே கூடிவிடும். ரத்தத்தில் உள்ள நிகோடினில் பாதி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் போய்விடுகிறது. அப்புறம் அந்த இடங்களெல்லாம் காலியாகக் கிடந்து கேட்க ஆரம்பிக்கும். எரிச்சல், பதற்றம், ஓரிடத்தில் நிலைகொள்ளாமை, தூக்கமின்மை, எதிலும் மனசு ஒட்டாமை, பசி. முதல் நாளே தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் அடங்கும். உங்கள் வீட்டுக் கணக்கோடு வைத்துப் பார், பொருந்துகிறது.

பீடிதானே, சிகரெட் அளவுக்கு வராது என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பாதே. பீடியில் புகையிலைத் தூள் குறைவு, ஆனால் சுற்றியிருக்கிற இலை காற்றை உள்ளே விடாது, அடிக்கடி இழுத்தால்தான் அணையாமல் இருக்கும். அதனால் உள்ளே போகிற நிகோடின் சிகரெட்டுக்குக் குறைந்ததில்லை. கண் விழித்ததும் கட்டிலிலேயே முதல் பீடி என்று எழுதியிருக்கிறாய் பார், எனக்கு இரண்டு கட்டு என்ற கணக்கைவிட அதுதான் முக்கியம். எழுந்து ஐந்து நிமிஷத்துக்குள் புகைக்கிறவர்களுக்குப் பிடிப்பு மிக அதிகம். டாக்டரிடம் அதை அப்படியே சொல்.

சித்தப்பா கொடுத்த பீடியால் அப்பா சாந்தமானார் என்பது உண்மைதான். அன்று சாயங்காலம் எப்படி இருந்தார் என்று நீ எழுதவில்லை. மறுபடி ஆரம்பித்திருப்பார். முந்தின பீடி விட்டுப்போன தவிப்பை அடுத்த பீடி கொஞ்ச நேரம் தீர்க்கும், தீர்த்துவிட்டு அதற்கடுத்த தவிப்புக்கு விதை போட்டுவிட்டுப் போகும். ஐம்பது வருஷமாக ஒரு நாளைக்குப் பல தடவை இதுவே நடந்திருக்கிறது. சந்தையில் இருந்தவரை இடைவெளி விழாததால் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். சித்தப்பா மேல் கோபப்படாதே, அண்ணன் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் செய்திருக்கிறார். ஆனால் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிற கட்டடத்தில் தீப்பெட்டி உரசுவது எவ்வளவு ஆபத்து என்று அவரிடம் நிதானமாகச் சொல். இளைப்பும் இருக்கிறது, எலும்பும் கூட வேண்டும்.

இது உங்கள் அப்பா ஒருவருக்கு மட்டும் வந்ததில்லை. 2010-இல் பிரான்ஸில், ஐசியுவில் வென்டிலேட்டரில் இருந்தவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளியானது. புகைக்கிறவர்களில் 64 சதவீதம் பேருக்கு இப்படிக் கொந்தளிப்பு வந்தது, மற்றவர்களில் 32 சதவீதம். குழாய்களைத் தாங்களே பிடுங்கிக்கொண்டதும் புகைக்கிறவர்களில்தான் அதிகம். எங்கள் வார்டில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். கையைக் கட்டுவதற்கு முன்னால், தூக்க ஊசிக்கு ஓடுவதற்கு முன்னால், "ஐயா, பீடி, சிகரெட் உண்டா? கடைசியாக எப்போது?" என்று கேள். சேர்க்கும்போது சீட்டில் "புகைப்பழக்கம்: உண்டு" என்று எழுதிவிட்டு அத்தோடு மறந்துவிடுகிறோம். அந்த மனிதர் இரவெல்லாம் அதோடு போராடிக்கொண்டிருப்பார். மூட்டை தூக்கி ஒரு குடும்பத்தையே நிமிர்த்தியவரைக் கைகால் கட்டிப் போட்டு, பைத்தியம் என்று வார்டே பேசுவதைப் பார்க்க எனக்கு இன்னமும் மனசு பதறும்.

இப்போது உன் பதிவின் கடைசி இரண்டு வரிக்கு வருகிறேன். நீ போகிற போக்கில் எழுதிவிட்டாய், எனக்கு அங்கேதான் திக்கென்றது. டீயும் தியோஃபிலினும்.

பீடிப் புகையில் உள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிட்டு வைத்திருக்கும். டீ, காபியில் உள்ள காஃபீனையும் தியோஃபிலினையும் சிதைத்து வெளியேற்றுவது அந்த நொதிதான். அதனால் புகைக்கிறவர்களுக்கு இவை இரண்டும் சீக்கிரம் கரைந்துபோகும். புகை நின்றதும் சில நாளில் அந்த வேகம் குறைந்துவிடும். அதே ஒரு டம்ளர் டீ, அதே ஒரு மாத்திரை, ஆனால் உடம்பில் தங்குவது அதிகம். காஃபீன் கூடினால் என்ன வரும்? படபடப்பு, தூக்கமின்மை, நிலைகொள்ளாமை. தியோஃபிலின் கூடினாலும் அதேதான், கூடவே குமட்டல், நெஞ்சு படபடவென்று அடிப்பது, ரொம்பக் கூடினால் வலிப்பு வரைக்கும் போகும். பீடித் தவிப்பில் இறங்கியிருக்க வேண்டிய நாடி ஏறியிருக்கிறது என்றால் இதையும் சந்தேகப்பட வேண்டும். அம்மா பாசத்தோடு ஊற்றுகிற டீ அந்த நெருப்பில் எண்ணெயாகிறது. டீயைப் பாதிக்குப் பாதி குறையுங்கள், சாயங்காலம் வேண்டவே வேண்டாம், சுக்கு மல்லி கொடுக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இளைப்பு வந்துவிடும். "பீடி நின்று இத்தனை நாளாகிறது, தியோஃபிலின் அளவைப் பார்க்க வேண்டுமா?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். எலும்பு டாக்டர் ஞாபகம் வைத்துக்கொள்ள ஆயிரம் இருக்கும், வீட்டார் கேட்டால் உடனே பார்ப்பார்.

இனி எப்போதும் இப்படித்தானா என்று கேட்டாயே, இல்லை தம்பி. 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். புகையை விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும், விடாதவர்களோடு ஒப்பிட்டால் குறைந்துதான் இருந்தன. இந்தச் சில வாரத்தைத் தாண்ட வேண்டும். அதை வெறும் வைராக்கியத்தில் தாண்டச் சொல்லி அவரை வதைக்க வேண்டியதில்லை, நிகோடின் பேட்ச் இருக்கிறது. புகை இல்லாமல் நிகோடினை மட்டும் தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். ஆபரேஷன் ஆனவருக்குப் போடலாமா, எந்த அளவு என்பதை டாக்டர் தீர்மானிக்கட்டும். நீ கேட்டு வாங்கு.

எழுதியவர்: மருந்துக்கடை ராஜா

அக்கா சொன்னதற்கு மேல் ஒரு சின்ன விஷயம். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் நிகோடின் சூயிங்கத்தைச் சாதாரண பபிள்கம் மாதிரி மென்று விழுங்கிவிட்டு, விக்கல் வருகிறது, வயிறு எரிகிறது, இது சரிப்படாது என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். அதை மெதுவாக மெல்ல வேண்டும். காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி ரெண்டு மெல்லு. அரை மணி நேரம் இப்படி. வாய்ச்சதை வழியாகத்தான் மருந்து ஏறும், வயிற்றுக்குப் போனால் பாதி வீண். மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி, ஜூஸ் கூடாது, உள்ளே ஏறாது.

அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் இருக்கிறதா? வயதான பீடிக்காரர்கள் பலருக்கு மெல்லப் பல் இருக்காது. அப்படியானால் பேட்ச், இல்லையென்றால் வாயில் அடக்கிக் கரைக்கிற மிட்டாய் மாதிரியான மாத்திரை கேளுங்கள்.

எழுதியவர்: குற்றாலச் சாரல்

அக்கா, அண்ணன்மாரே, எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அக்கா கேட்டது சரிதான். பீடி குடித்த அன்று சாயங்காலமே மறுபடி ஆரம்பித்துவிட்டார். நேற்றுக் காலை டாக்டர் வந்ததும், எழுந்ததும் முதல் பீடி என்பதையும் தியோஃபிலினையும் சொன்னேன். அவர் நின்று கேட்டார். அடிவயிறு, ஆக்ஸிஜன் எல்லாம் மறுபடி பார்த்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. நாடி கொஞ்சம் கூடுதலாக இருந்தது. நெஞ்சு டாக்டரை வரவழைத்துத் தியோஃபிலினைக் குறைத்துவிட்டு, இழுக்கிற மருந்தைச் சேர்த்தார்கள். தோள்பட்டைக்குக் கீழே பேட்ச் ஒட்டினார்கள். அம்மா பிளாஸ்கை என்னிடம் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

ஒட்டியவுடன் எதுவும் மாறவில்லை, மதியம் வரை நெளிந்துகொண்டுதான் இருந்தார். சாயங்காலம் பிசியோ செய்ய வந்த தம்பி சொன்னபடி காலை மடக்கினார், முந்தின நாள் அவரைத்தான் விரட்டினார். ராத்திரி நாலு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினார். காலையில் அம்மா தலை வாரிவிட்டபோது ஒன்றும் சொல்லாமல் தலையைக் காட்டினார். முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சட்டைப் பையைத் தடவுகிறார், வார்டுச் சட்டையில் பையே இல்லை. ராத்திரி ஏதேதோ கனவு, சந்தையில் லாரி கவிழ்ந்த மாதிரி என்றார்.

கடைவாய்ப் பல் இல்லை அண்ணே, அதனால் சூயிங்கம் வேண்டாம் என்றுவிட்டார்கள். இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக்கு எதிரே பெட்டிக்கடை, சந்தைக் கூட்டாளிகள் பார்க்க வருவார்கள், எல்லோர் காதிலும் பீடி இருக்கும். அதுதான் இப்போது பயம்.

எழுதியவர்: நைட் டியூட்டி அக்கா

நல்ல செய்தி தம்பி. அம்மாவுக்கு ஒரு வேளை நல்ல சாப்பாடு வாங்கிக் கொடு, அவர் சாப்பிட்டிருக்க மாட்டார்.

கனவு பேட்ச்சால் வருவதுண்டு. அதிகமாகத் தொல்லை தந்தால் படுக்கும்போது எடுத்துவிட்டுக் காலையில் புதிதாக ஒட்டலாமா என்று கேள். எடுத்தால், காலையில் முதல் அரை மணி நேரம் அவருக்குக் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அவர் பீடி குடித்துப் பழகிய நேரம் அது. அந்த நேரத்துக்கு வாயில் கரைக்கிற மாத்திரை தரலாமா என்றும் சேர்த்துக் கேட்டுக்கொள். டாக்டர் எத்தனை வாரம் சொல்கிறாரோ அத்தனை வாரமும் போட வேண்டும். சரியாகிவிட்டதே என்று பத்து நாளில் நிறுத்திவிடுகிறவர்கள்தான் திரும்பப் போகிறார்கள்.

கூட்டாளிகளை வரவேண்டாம் என்று சொல்லாதே, அவருக்கு அவர்கள் வேண்டும். வாசலிலேயே நீ நின்று, "மாமா, பீடியைக் கொஞ்சம் இங்கே கொடுத்துட்டுப் போங்க, போகும்போது தர்றேன்" என்று வாங்கி வைத்துக்கொள். சந்தைக்காரர்கள் புரிந்துகொள்வார்கள். 1800-11-2356 என்று ஓர் இலவச எண் இருக்கிறது, புகையிலையை விடுகிறவர்களுக்கு அரசு நடத்துவது, பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியிலிருந்து தமிழிலும் பேசுகிறார்கள். அவரையே பேச வை, உனக்குச் சொல்லாததை அங்கே சொல்வார்.

எப்போதாவது பேட்ச்சோடு ஒரு பீடியை இழுத்துவிட்டார் என்றால் பதறிப்போய்ப் பேட்ச்சைப் பிய்க்காதே, சண்டையும் போடாதே. பேட்ச் இருக்கட்டும், மறுநாளும் ஒட்டு. ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தை வெறும் தண்ணீரில் துடைத்துக் காயவிடு, தினமும் இடத்தை மாற்று, ஒரே இடத்தில் ஒட்டினால் தோல் சிவந்து அரிக்கும். எடுத்த பேட்ச்சை இரண்டாக மடித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் போடு, அதில் நிகோடின் மிச்சம் இருக்கும். வீட்டுக்குப் போய் ஒரு வாரத்தில் நெஞ்சு டாக்டரிடம் மாத்திரை அளவை மறுபடி காட்ட வேண்டும், தேதியை இப்போதே வாங்கிவிடு.